ஒடிகிற இடம்

ஊட்டிக்கு வந்து தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள், கொழுந்து பறிப்பது கண்ணால் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். பறிக்கிற பெண் ஒருத்தியும் தன் கையைப் பார்ப்பதில்லை. பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டே, மேஸ்திரி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரு கண் வைத்துக்கொண்டே போவாள்; இரண்டு கையும் செடியின் மேல் தம் பாட்டுக்கு ஓடும். எங்கே கிள்ளுவது என்று விரல்தான் சொல்லும். இளந்தண்டு என்றால் 'டக்' என்று ஒடிந்து கைக்கு வரும். முற்றியிருந்தால் ஒடியாது, வளையும், உள்ளே நார் பிடித்து இழுக்கும். அப்போது விரல் தானாகவே கொஞ்சம் மேலே ஏறி இளசாகப் பார்த்துக் கிள்ளிக்கொள்ளும். இதை யோசித்துச் செய்ய ஆரம்பித்தால் கூடை நிறையாது.

பாலாமணி ஒரு வருஷமாக யோசித்துத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. எழுபத்திரண்டில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் முத்திரை குத்தி அனுப்பப்பட்டு, மஞ்சூருக்குக் கீழே இருக்கிற இந்தத் தோட்டத்தில் இறங்கியபோது இடுப்பில் நான்கு வயது மரகதம் இருந்தாள். கூட வந்த புருஷன் ஒச்சப்பன் மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரு மகள், தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் ஒரு அறை, இரண்டு கை. அந்தக் கையைப் பற்றித் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. கண்ணைக் கட்டி விட்டாலும் பாலாமணி கூடையில் ஒரு கரட்டு இலை இருக்காது என்பார் மேஸ்திரி சுடலைமுத்து. முற்றிப்போன இலையைக் கரடு என்பது தோட்டத்து வழக்கம்.

வலது மணிக்கட்டுக்கு மேலே ஒரு வெளிறிய தேமல் வந்தது எண்பத்திரண்டு கடைசியில். அரிக்கவில்லை, வலிக்கவில்லை. வலிக்காததை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து அறை பாத்திமுத்துவோடு பேசிக்கொண்டிருந்தாள். பாத்திமுத்துதான் வெடுக்கென்று டம்ளரைப் பிடுங்கினாள்.

"ஏனுங்கக்கா, கை கொப்பளிச்சுப் போச்சு, பாக்காம நிக்கிறீங்களே. சுடலீங்களா?"

"பேச்சு சுவாரசியத்துல தெரியல புள்ளை," என்று பாலாமணி சிரித்தாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்புதான், அதன்பிறகு ரொம்ப நாளைக்கு அவள் மனசாரச் சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. பதுளைப் பக்கம் அவள் பிறந்த தோட்டத்தில் லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பரா என்பார்கள், ஒரு மனிதர் இருந்தார். பெரிய வியாதி (தொழுநோயை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) என்று தெரிந்த அன்றைக்கே அவரைப் பலாமரத்தடிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அவர் பெண்சாதி சோற்றைப் பாறை மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவாள். அது போகட்டும். அவருடைய பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாசல்படிக்கு வெளியே உட்கார்ந்து படித்தது. பிறகு படிக்கவும் வரவில்லை. பாலாமணிக்கு அந்த மனிதரின் முகம் மறந்துவிட்டது. வாசல்படிக்கு வெளியே சிலேட்டோடு உட்கார்ந்திருந்த பெண் மட்டும் மறக்கவில்லை.

மரகதம் மஞ்சூர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படித்தாள், தாவரவியல் விலங்கியல் எடுத்து. அந்த லயத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண். பரீட்சை எழுதி நர்ஸ் படிப்புக்குப் போவது என்று அம்மாவும் மகளும் முடிவு செய்து ரொம்ப நாளாயிற்று. எண்பத்தைந்து மார்ச்சில் பரீட்சை. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் பேர் போகும், பேர் போனால் அறை போகும், அறை போனால் மரகதம் எங்கிருந்து பள்ளிக்கூடம் போவாள்? பரீட்சை முடிந்த மறுநாள் தானே ஆஸ்பத்திரிக்குப் போவதென்று பாலாமணி மனசுக்குள் சாமிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மார்ச் வரைக்கும் கை தாங்கினால் போதும்.

கை தாங்கவில்லை. வலது கையில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின. இடது கையில் உணர்ச்சி இருந்தது. முதலில் இடது கையால் ஒன்றை ஒடித்துப் பார்ப்பாள். அதே உயரத்தில் வலது கையைக் கொண்டுபோய்க் கிள்ளுவாள். ஒடிந்ததா, நார் இழுத்ததா என்று வலது கை சொல்லாது. காதை வைத்துக் கேட்பாள். வெயில் நாளில், காற்றில்லாத மேட்டில், 'டக்' என்ற சத்தம் கேட்கும். காற்று அடித்தாலோ, பெண்கள் பேசிச் சிரித்தாலோ கேட்காது. வாயாடி என்று பேர் வாங்கியிருந்தவள் வாயை மூடிக்கொண்டு, கடைசி நிரையைக் கேட்டு வாங்கித் தனியாகப் பறித்தாள். புருஷன் போன பிறகும்கூடச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது என்ன வந்தது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

டிசம்பரில் உறைபனி விழுந்தது. பனி விழுந்தால் செடி வளராது. இருக்கிற தண்டு சீக்கிரம் முற்றிவிடும். பத்துக் கொழுந்தில் மூன்று நல்லதாக இருந்தால் பெரிது. அந்த மாதத்தில்தான் முப்பது பார்ப்பதும் கடுமையாக நடக்கும். முப்பது பார்ப்பது என்றால் இதுதான்: எடை போடும் இடத்தில் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் லெஸ்லி கூடைக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். முப்பது கொழுந்தை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றின் காம்பையும் வளைத்துப் பார்ப்பார். ஒடிந்தால் வலது பக்கம். ஒடியாமல் தோலில் தொங்கினால் கரடு, இடது பக்கம். இடது பக்கம் ஆறுக்கு மேல் போனால் கூடையைத் தரையில் கொட்டி, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பொறுக்க வேண்டும்.

பாலாமணியின் கூடையில் பதினொன்று வந்தது.

லெஸ்லி கெட்ட மனிதர் இல்லை. பதினொன்றாவது காம்பை வளைத்துவிட்டு, கையில் அது தொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது உன் கூடைதானா பாலாமணி?"

"பனிக்குச் செடி முத்திப் போச்சுங்கையா."

"செடி எல்லாருக்கும்தான் முத்தியிருக்கு."

அவள் சாக்கை விரித்துக் கொட்டிப் பொறுக்கினாள். இலங்கையில் பறித்ததையும் சேர்த்தால் இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பொறுக்கும்போதும் எது கரடு என்று விரல் சொல்லவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். பாத்திமுத்து எதிரில் வந்து உட்கார்ந்து பாதியைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மரகதம் அடுப்புப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பாலாமணி கேட்டாள்.

"ஒரு தண்டு எந்த எடத்துல முத்துதுன்னு ஒம் பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

பன்னிரண்டு வருஷப் படிப்பில் அம்மா புத்தகத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. மரகதத்துக்கு ஒரே சந்தோஷம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

"என்னாம்மா திடீர்னு? அதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு. தாங்கு திசுன்னு பேரு."

"அப்படின்னா?"

"நமக்கு எலும்பு இருக்கில்ல, செடிக்கு அது கெடையாது. காத்துல சாயாம நிக்கணும், இலையத் தூக்கிப் பிடிக்கணும். அதுக்குத் தண்டுக்குள்ள ரெண்டு வகை இருக்கு." மரகதம் பாவாடையில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு தேயிலைக் குச்சியை எடுத்துக்கொண்டாள். "இளசா இருக்கிற எடத்துல தோலுக்கு அடியில இருக்கிறது கோலன்கைமா. அது உசுருள்ள செல்லு. மூலையில மட்டும் சொவரு தடிப்பா இருக்கும். காத்துக்கு அசஞ்சு குடுக்கும், கூடவே வளரும், கிள்ளினா ஒடிஞ்சிரும். கீழ வர வர இன்னொன்னு சேந்துக்கும். ஸ்கிலிரன்கைமா. நாம நாருன்னு சொல்றது அதத்தான். சொவரெல்லாம் லிக்னின் ஏறிக் கெட்டியாயிரும். உள்ள இருக்கிற உசுரு செத்துப்போயிரும்."

"செத்துப்போனது எப்பிடித் தாங்கும்?"

"செத்துப்போறதுனாலதான்மா தாங்குது. சொவரு மட்டும் நிக்கும். மெட்டில்டா டீச்சர் சொன்னாங்க, ஒரு மரத்துல பாதிக்கு மேல செத்த செல்லுதானாம். நம்ம தேயிலையில நட்சத்திரம் மாதிரி கல் செல்லெல்லாம் இருக்குதாம். மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. சாயம் ஒன்னு ஊத்துவாங்க, சஃப்ரனின்னு. செத்த எடம் மட்டும் செவப்பு புடிச்சிரும். அவ்வளவு அழகா இருக்கும்மா."

பாலாமணி குச்சியை வாங்கி விளக்கில் பிடித்தாள். "மேல இருந்து பாத்தா அது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுமா? வெட்டாம?"

"நிறத்தப் பாரு. நுனியில வெளிர்பச்சை, மினுமினுன்னு இருக்கு. இங்க வந்ததும் மங்கிப்போகுது பாரு. லேசா பழுப்பு. இதுக்குக் கீழ நாரு வந்திருச்சுன்னு அர்த்தம்."

பாலாமணி அந்த இடத்தை நகத்தால் கீறி அடையாளம் வைத்தாள். மறுநாள் முதல் கண்ணால் பறித்தாள்.

ஜனவரி முழுக்க அது பலித்தது. நிறம் மங்குகிற இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே கிள்ளினால் கரடு வராது. முப்பதில் நான்கு, முப்பதில் ஐந்து என்று தப்பித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு தண்டையும் பார்த்துப் பறித்தால் எடை எங்கிருந்து வரும்? மற்றவர்கள் பதினெட்டுக் கிலோ போட்ட நாளில் அவள் ஒன்பது போட்டாள். பாத்திமுத்து போகிற வருகிற சாக்கில் தன் மடியிலிருந்து இரண்டு பிடி அள்ளி இவள் கூடையில் போட்டுவிட்டுப் போவாள். மேகம் இறங்கி மூடிய நாட்களில் நிறம் தெரியாது. அன்றைக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டு அறையிலேயே படுத்துக்கொள்வாள். இன்னும் ஐம்பது நாள், இன்னும் நாற்பது நாள் என்று நாளைத் தள்ளினாள்.

சாயங்காலங்களில் பாடம் மட்டும் தொடர்ந்தது. எது வளையும், எது உடையும், எது செத்தும் நிற்கும் என்று மகள் சொல்வாள், அம்மா கேட்டுக்கொள்வாள். கோலன்கைமா என்ற பேரை அவள் வாயால் சொல்லவைத்து மகள் சிரிப்பாள். அந்த அறையில் அவர்கள் இருவரும் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த நாற்பது நாள்தான். பொய்யில் கட்டிய நெருக்கம் என்று நாம் சொல்லலாம். அதைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது?

பிப்ரவரியில் செய்முறைப் பரீட்சை. தண்டை மெல்லிசாகக் குறுக்கே சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் வைத்துக் காட்ட வேண்டும். சீவல் காகிதத்தைவிட மெல்லிசாக இருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மரகதத்துக்கு அது மட்டும் சரியாக வரவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு கேரட்டைப் பிளந்து, நடுவில் தேயிலைக் குச்சியைச் செருகி, பாதி பிளேடால் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேரட் வழுக்கியது. சீவல் தடிதடியாக விழுந்தது. அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"குடு, நான் பிடிச்சுக்கிறேன். நீ ரெண்டு கையாலயும் நிதானமா சீவு," என்றாள் பாலாமணி.

வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். வெயில் போகிற நேரம். பாலாமணி கேரட்டை வலது கையில் அழுத்திப் பிடித்தாள். நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அழுத்தினாள். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாததால் கூடுதலாகவே அழுத்தினாள். கீழே தண்ணீர் ஊற்றிய பீங்கான் தட்டு. மரகதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினாள். ஒரு சீவல், இரண்டு சீவல், மூன்றாவது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாக வந்து தண்ணீரில் மிதந்தது.

"வந்திருச்சும்மா. அசையாத, அப்படியே பிடி."

கண்ணைச் சீவலிலிருந்து எடுக்காமல் இன்னும் நான்கைந்து சீவினாள். பாலாமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதெல்லாம் கண்முன்னால் நடக்கிறதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. தண்ணீரின் ஓரத்திலிருந்து சிவப்பு பரவி, மிதந்த சீவல்களைச் சுற்றிக்கொண்டது.

"செவப்பு புடிச்சிருச்சு பாரு," என்றாள். "நீ சொன்ன மாதிரியே. அழகாத்தான் இருக்கு."

மரகதம் தட்டைப் பார்த்தாள். சாயப்புட்டி பள்ளிக்கூடத்தில் இருந்தது. அவள் தண்ணீரில் எதையும் ஊற்றவில்லை.

பிளேடு அம்மாவின் ஆட்காட்டி விரலுக்குள் பாதி இறங்கியிருந்தது. அம்மா இன்னும் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகத்தை மரகதம் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை. பிளேடை மெதுவாக வெளியே எடுத்தாள். துணியைச் சுற்றினாள். பிறகு தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னைக் கழற்றி, "கண்ண மூடும்மா," என்றாள். பாலாமணி முதலில் மாட்டேன் என்றாள், பிறகு மூடினாள். மரகதம் கட்டைவிரலில் குத்தினாள். நடுவிரலில் குத்தினாள். உள்ளங்கையில் குத்தினாள்.

"எப்பக் குத்தப்போற?" என்று கண்ணை மூடியபடி கேட்டாள் பாலாமணி.

மரகதம் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். தாங்கு திசுவைப் பற்றி அம்மா எதற்குக் கேட்டாள் என்று ஒவ்வொரு சாயங்காலமாக அவளுக்கு இப்போது விளங்கியது. நிறம் மங்குகிற இடத்தை நகத்தால் கீறியது, வெட்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டது, எல்லாம்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள்.

"நாளைக்கு ஒனக்குப் பரீட்சை."

"அப்போ நாளன்னைக்கு."

"மார்ச் முடியட்டும். எம்மேல ஆணை. நீ வாயத் தொறந்தா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

மகள் வாயைத் திறக்கவில்லை. ஆணைக்குக் கட்டுப்பட்டுச் செய்த அந்த ஒரு காரியத்துக்காகப் பிறகு அவள் தன்னைத்தானே எவ்வளவு திட்டியிருப்பாள் என்று சொல்லி முடியாது. செய்முறைப் பரீட்சையில் அவள் சீவல்தான் வகுப்பிலேயே மெல்லிசு என்று மெட்டில்டா டீச்சர் சொன்னார். மரகதம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது பாலாமணி கட்டுப்போட்ட கையோடு அவளுக்குத் திருஷ்டி கழித்தாள்.

வலிக்கிற புண்ணை ஆள் பார்த்துக்கொள்வான். வலிக்காத புண்ணை யார் பார்ப்பது? பாலாமணி அந்தக் கையோடு பனியிலும் ஈரத்திலும் பறித்தாள். துணி நனைந்து ஊறியது. பத்தாம் நாள் விரல் கறுத்து, கை முழங்கை வரைக்கும் வீங்கி, காய்ச்சலில் நிரைக்கு நடுவில் விழுந்தாள். சுடலைமுத்துவும் பாத்திமுத்துவும் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆட்காட்டி விரலில் இரண்டு கணுவை எடுத்தார்கள். டாக்டர் வயதானவர், அதட்டாமல் பேசினார். தேமலைத் தொட்டுப் பார்த்து, கணுக்கையில் நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இந்த வியாதிக்கு மாத்திரை இருக்கும்மா. சாப்பிட்டா நின்னுடும். யாருக்கும் ஒட்டாது. யாரும் உங்களைத் தள்ளி வைக்க வேண்டியதும் இல்லை."

"விரலு பழையபடி வருங்களா?"

"தேமல் வந்தப்பவே வந்திருந்தா விரலுக்கு ஒன்னும் ஆகியிருக்காது. நரம்பு செத்தது செத்ததுதான்."

பாலாமணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒட்டாதாம். தள்ளி வைக்க மாட்டார்களாம். அப்படியானால் ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் ஒளித்து வைத்தது எதை? பலாமரத்தடிக் கொட்டகைக்குப் பயந்து, அந்தக் கொட்டகையை அவளே கட்டி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மார்ச் முதல் வாரம் லயத்துக்குத் திரும்பியபோது லெஸ்லி அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை; ஆனால் வாசல்வரைக்கும் வந்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஃபேக்டரியில உக்காந்து செய்யிற வேலையாப் போட்டுக் குடுத்திருப்பேனே," என்றார். உண்மையாகவும் இருக்கலாம். கை போன பிறகு சொல்வதற்குச் சுலபமான வார்த்தையாகவும் இருக்கலாம். "இப்ப ஆபீஸ்ல உன்னை அன்ஃபிட்னு எழுதிட்டாங்க. அறைக்கு ஒரு பேர் வேணும். குடும்பத்துல யாராவது வர்ற திங்கக்கிழமை பெரட்டுல நின்னாத்தான் உண்டு. முதல் பதினஞ்சு நாள் ஒரு நாள்கூட லீவு போடக் கூடாது. அது ரூல்."

குடும்பத்தில் யாராவது என்றால் அங்கே எத்தனை பேர் இருந்தார்கள்? வர்ற திங்கட்கிழமைதான் முதல் பரீட்சை.

பாலாமணி கெஞ்சினாள். அறை போனால் போகட்டும் என்றாள். பாத்திமுத்து வீட்டில் பதினைந்து நாள் படுத்துக்கொள்ளலாம் என்றாள். பாத்திமுத்துவும், "வரட்டுங்கக்கா, எடத்துக்கென்ன," என்று சொன்னாள். அவள் அறையில் ஏற்கெனவே ஏழு பேர்.

"பதினஞ்சு நாளுக்கு அப்புறம் எங்கம்மா போவோம்? நீ மாத்திரைக்கு மாசாமாசம் எங்கிருந்து வருவ?" என்றாள் மரகதம். "பரீட்சைய அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன் என்று பெரட்டில் நின்ற பிள்ளைகள் அந்த லயத்தில் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது மரகதத்துக்குத் தெரியும், பாலாமணிக்கும் தெரியும்.

திங்கட்கிழமை விடிந்து மரகதம் அம்மாவின் கூடையை எடுத்து முதுகில் மாட்டினாள். பட்டையைத் தலையில் வைக்கத் தெரியவில்லை, பாத்திமுத்து சரிசெய்துவிட்டாள். ஹால் டிக்கெட் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பாலாமணிக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்படுகிற நம்பிக்கை. மகளுக்கு இந்த வேலை வராது. புத்தகம் பிடித்த கை, ஒரு நாளும் செடியைத் தொட்டதில்லை. முதல் நாளே கூடை முழுக்கக் கரடாக வரும். நாலு நாள் பார்த்துவிட்டு, இவள் லாயக்கில்லை என்று லெஸ்லியே விரட்டிவிடுவார். அப்போது மரகதம் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எங்கே போவாள்? மிச்சம் இருக்கிற பரீட்சையையாவது எழுதுவாள். அறை போகட்டும். மடத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ கிடந்துகொள்ளலாம். அப்படித்தான் அவள் நினைத்தாள். தான் பெற்ற பெண் தோற்றுப்போக வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டாள்.

எடை போடுகிற நேரத்துக்குக் கட்டுப்போட்ட கையை மாராப்புக்குள் மறைத்துக்கொண்டு அவளும் போய் நின்றாள். மேகம் இறங்கியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள். மரகதத்தின் முறை வந்தது. எடை குறைச்சல்தான், ஆறு கிலோ. புதுசுக்கு அது பரவாயில்லை என்றார் சுடலைமுத்து. லெஸ்லி கூடைக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார்.

பாலாமணி இரண்டடி முன்னால் வந்தாள்.

முதல் காம்பு ஒடிந்தது. இரண்டாவது ஒடிந்தது. ஐந்து, ஆறு, ஏழு. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காற்றுக்கூட இல்லை, ஒவ்வொரு 'டக்'கும் தனித்தனியாகக் கேட்டது. பத்தொன்பது, இருபது. மரகதம் யாரையும் பார்க்காமல், கேரட்டைச் சீவுகிறபோது நின்றாளே அதே மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நார் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் அந்தத் தோட்டத்தில் யார்? நிறம் தெரியாத மேகத்திலும் அவள் விரல் அதைத் தடவிக் கண்டுபிடித்திருந்தது. ஒன்று தொங்கட்டும், ஒன்றே ஒன்று தொங்கட்டும் என்று பாலாமணி வாய்க்குள் முணுமுணுத்தாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

லெஸ்லி கடைசிக் காம்பை வளைத்தார். அதுவும் ஒடிந்தது.

"முப்பதுக்கு முப்பது," என்று அவர் திரும்பிப் பாலாமணியைப் பார்த்துச் சிரித்தார். "கவலப்படாதம்மா. அப்படியே உன் கை."